முச்சந்தியில் உடைத்த தடியங்காய்

1

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் காலங்காத்தாலே ஒரே கூச்சல். ஆறாம் மாடிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனி. பால் காய்ச்சிய கையோடு லிஃப்ட் வாசலில் பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நடக்கக் கிளம்பிய ஒரு வங்காளி அம்மாள், லிஃப்ட் திறந்ததும் அந்தச் சிவப்பைப் பார்த்து, யாரையோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அலறிவிட்டாள். காவலாளி ஓடினான், செக்ரட்டரி ஓடினார், கடைசியில் எல்லோருமாக ஒன்பதாம் மாடி ஏறி என் கதவைத் தட்டினார்கள். "நீங்களும் மெட்ராஸ்தானே, வந்து என்னன்னு பாருங்க" என்றார்கள்.

நான் தென்காசிக்காரி. மெட்ராஸை ரயில் மாறுவதற்காகப் பார்த்ததோடு சரி. ஆனால் கல்கத்தாவில் விந்தியத்துக்குத் தெற்கே எல்லாமே மெட்ராஸ்தான். போய்ப் பார்த்தேன், விளக்கம் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், காவலாளி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். நாங்கள் இப்போது இருக்கிற நியூ டவுனில் அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏளா, என்ன முகம் வெளிறிக் கெடக்கு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பவானிபூர்ல நான் உடைச்சது ஞாபகம் வந்துட்டு."

அவர் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். பத்து வருஷத்துக்கும் மேலாகிவிட்டது, மனுஷனுக்கு இன்னும் அந்தச் சாயங்காலம் விடவில்லை. எனக்கு மட்டும் விட்டதா என்ன? ஊரில் உட்கார்ந்து இதை வாசிக்கிற உங்களிடம் அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

2

கல்யாணமாகி ஹவுரா ஸ்டேஷனில் இறங்கிய அன்றைக்கே என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். அவருக்குத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. "இது நம்ம ஊரு இல்ல. தலையக் குனிஞ்சு இருந்துட்டுப் போயிரணும். யார் கண்ணுலயும் படக்கூடாது. நல்லதுக்கும் சரி, கெட்டதுக்கும் சரி" என்றார்.

அப்படியேதான் இருந்தோம். ரேஷன் கார்டு எழுதியவன் இவர் பெயரையும் இவர் அப்பா பெயரையும் பிரித்து இரண்டு ஆளாக்கிவிட்டான். எப்போதோ போய்ச் சேர்ந்த மாமனாருக்கும் சேர்த்து எங்களுக்கு மண்ணெண்ணெய் வந்தது. திருத்தப் போனால் கேள்வி கேட்பார்கள் என்று இவருக்குப் பயம். திருத்தாவிட்டால் பிடித்துவிடுவார்கள் என்றும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அந்த மண்ணெண்ணெயில்தான் நாங்கள் பல வருஷம் சமைத்தோம்.

நாங்கள் குடியிருந்தது கல்கத்தாவில் பவானிபூரில் ஒரு சந்து. கீழே வீட்டுச் சொந்தக்காரி ஷெஃபாலி தீதி (தீதி என்றால் அக்கா), மாடியில் நாங்கள். சந்து போய்ப் பெரிய தெருவில் முட்டுகிற முச்சந்தியில் ஒரு கேரம் போர்டும் பத்து நாற்காலியும் உள்ள சின்ன அறை. வாசலில் கம்பம், அதில் நீலமும் வெள்ளையுமாகக் கொடி. அது ஒரு பெரிய கால்பந்துக் கிளப்பின் கொடி. பெயர் எதற்கு, பெரிய கிளப் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சந்தில் குழந்தைகள் அம்மா என்பதற்கு முன்னால் அந்தக் கிளப்பின் பெயரைச் சொல்லும். அது ஜெயித்தால் முச்சந்தியில் செய்தித்தாளைச் சுருட்டிப் பந்தம் கொளுத்துவார்கள். தோற்றால் அன்றைக்குப் பல வீட்டில் அடுப்பு எரியாது.

ஒருமுறை அது தோற்ற அன்று, எதிர்க் கிளப்பை ஆதரித்த ஒரு வாத்தியார் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று மிச்சமில்லாமல் உடைந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். மறுநாள் அதே பையன்கள் அவர் வீட்டில் போய் டியூஷனுக்கு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

3

என் மகன் சங்கரன் அந்தச் சந்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் சங்கரன், வாசல்படி தாண்டினால் 'ஷொங்கொர்'. நாங்கள் சைவம். அவன் ஷெஃபாலி தீதி வீட்டில் கடுகு அரைத்துப் போட்ட மீனைத் தின்றுவிட்டு, வெற்றிலை போட்டு வாயை மறைத்துக்கொண்டு மாடி ஏறுவான். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தூக்கத்தில் உளறினால்கூட வங்காளியில்தான் உளறுவான். தாத்தாவுக்குக் கடிதம் எழுது என்று உட்கார்த்தி வைத்தால், 'நலம்' என்று எழுதுவதற்குள் பேனாவைக் கடித்துத் துப்பிவிடுவான்.

அவனைக் கெடுத்தது பொல்டு. அப்போது நான் அப்படித்தான் சொல்வேன். முச்சந்தியில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தான். கொடிக் கம்பத்துக்குப் பொறுப்பும் அவன்தான். கட்டை குட்டையான ஆள், குரல் மட்டும் லாரி ஹாரன். மின்சாரம் போகிற மத்தியான நேரங்களில் கடையை அப்படியே விட்டுவிட்டு, சங்கரனைச் சுவரோரம் நிற்கவைத்துப் பந்தை அடிஅடியென்று அடிப்பான். இவன் விழுந்து புரண்டு பிடிப்பான். முழங்கை தேய்ந்து ரத்தத்தோடு வருவான். "பௌதி, உங்க பையன் கையில பிசின் இருக்கு" என்று கீழேயிருந்து கத்துவான் பொல்டு. பௌதி என்றால் அண்ணி.

பெரியவனானதும் சங்கரனை மைதானத்தில் ஒரு மூன்றாம் டிவிஷன் கிளப் கோல்கீப்பராகச் சேர்த்துக்கொண்டது. கிளப் என்றால் ஒரு பழைய கூடாரம், ஒழுகும். ஆட்டம் முடிந்தால் ஆளுக்கு ஒரு கட்லெட். நானும் போகட்டும் என்று விட்டேன். மூன்றாம் டிவிஷனை யார் பார்க்கப் போகிறார்கள்? யார் கண்ணிலும் படமாட்டான்.

4

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ஏதோ ஒரு நாக்-அவுட் கோப்பையில் சின்ன கிளப்புகளுக்கும் இடம் கொடுத்தார்கள். இவர்கள் சேற்றில் உருண்டு எப்படியோ முதல் சுற்றுகளில் ஜெயித்துத் தொலைத்தார்கள். அடுத்த ஆட்டம் யாரோடு என்று சங்கரன் வந்து சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தோசை கருகியது.

பெரிய கிளப்போடு.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். மூன்றாம் டிவிஷன் பிள்ளைகள் அவர்களோடு ஆடினால் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வருவார்கள், இதில் என்ன பயம் என்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டார். "தோத்துருவாம்ளா, சவத்த விடு." ஆனால் எனக்குத் தெரியும். இவன் சுவரோரம் நின்று பிடிப்பதை எத்தனை வருஷம் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருவேளை பிடித்துவிட்டால்? எல்லாவற்றையும் பிடித்துவிட்டால்? சந்து முழுக்க அவர்கள். நடுவில் நாங்கள் ஒரு வீடு. வாத்தியாராவது வங்காளி.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காய்கறி வாங்கப் போனேன். பொல்டு கடை வாசலில் நாலைந்து பேரோடு நின்றான். என் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த சங்கரனைப் பார்த்துக் கத்தினான். "டேய் ஷொங்கொர்! நாளைக்கு ஒழுங்கா பந்தை விட்டுடு. இல்லேன்னா சந்துக்குள்ள விடமாட்டோம், பாத்துக்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். சங்கரனும் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும், பொல்டு சொன்னது எனக்குப் பயமாக இருக்கிறது என்று சங்கரனிடம் சொன்னேன்.

"துர்! பொல்டுதா கிண்டல் பண்றாரும்மா. நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே" என்றான். பொல்டுதா என்றால் பொல்டு அண்ணன்.

"உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிரேன்ல. ஒரு நாள்தான்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. சாயங்காலமே மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு சாம்பல் பூசணி வாங்கிவந்தேன். எங்கள் பக்கத்தில் அதைத் தடியங்காய் என்போம்.

5

விடிந்தும் விடியாத நேரம். சங்கரன் தூங்கிக்கொண்டிருந்தான். தடியங்காயின் தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தைக் கொட்டிக் கரைத்து, சில்லறைக் காசு போட்டு, மேலே சூடம் கொளுத்தி அவன் தலையைச் சுற்றினேன். ஊர்க் கண்ணு, தெருக் கண்ணு, போறவங்க கண்ணு, வாறவங்க கண்ணு. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், பொதுவாகச் சொன்னால் போதாது, யாரை நினைத்துப் பயமோ அவர்கள் பெயரையும் சொல்லிவிட வேண்டும். சந்தில் இறங்கி நடக்கும்போதும் சொல்லிக்கொண்டே போனேன். பொல்டு கண்ணு, டீக்கடைக்காரர் கண்ணு, ஷெஃபாலி தீதி கண்ணு. ஆமாம், தீதியையும் சொன்னேன். பயம் வந்தால் யாரைத்தான் விடுகிறோம்!

முச்சந்தியில்தான் உடைக்க வேண்டும். எங்கள் சந்துக்கு முச்சந்தி ஒன்றுதான், அது அந்தக் கொடிக் கம்பத்தின் காலடி. ஓங்கிப் போட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் திரும்பிப் பார்க்காமல் வந்து காலைக் கழுவிக்கொண்டு மாடி ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்திருந்தால், குங்குமத் தண்ணீர் தெறித்து, மழையில் தொங்கிப்போயிருந்த அந்த நீலவெள்ளைக் கொடியின் நுனி சிவந்திருந்ததைப் பார்த்திருப்பேன். ஷெஃபாலி தீதி தன் ஜன்னலில் நின்றதையும் பார்த்திருப்பேன்.

காபி கலக்கும்போது கீழே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முச்சந்தியில் கூட்டம். எங்கள் ஊரில் உடைத்த மறுநிமிஷமே காசு பொறுக்கப் பிள்ளைகள் பாயும். இங்கே எல்லோரும் வட்டமாக விலகி நின்றார்கள். ஒருவர்கூடக் காசைத் தொடவில்லை. "துக்தாக்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. துக்தாக் என்றால் செய்வினை. மேட்ச் அன்று காலையில், அவர்கள் கொடியின் அடியில், ரத்தச் சிவப்பில் செய்வினை. அடப் பாவி, நான் என்ன காரியம் செய்துவைத்தேன்!

அந்த நேரம் பார்த்து சங்கரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினான். கத்தித் தடுக்கவும் வழியில்லை, கத்தினால் உடைத்தது யார் என்று தெரிந்துபோகும். கூட்டத்துக்குள் புகுந்து, யாருக்கோ கையாட்டிக்கொண்டே, அந்தச் சிவப்பில் நேராகக் காலை வைத்து மிதித்துக்கொண்டு போனான். கழித்ததை மிதித்தால் மிதித்தவனையே வந்து பிடிக்கும் என்று நம் ஊரில் நண்டுசிண்டுக்கும் தெரியும். இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான் சொல்லவில்லையே.

6

மத்தியானம் சந்து காலியாகிவிட்டது. ஆண்கள் எல்லோரும் மேட்டடோர் வண்டியில் கொடியோடு மைதானத்துக்குப் போயிருந்தார்கள். கீழே தீதி ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்தேன். சாத்தினாலும் கேட்டது. ஷொங்கொர், ஷொங்கொர் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வர்ணனைக்காரர் என் பிள்ளை பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரெல்லாம் கேட்குமே ஐயா, மெதுவாகச் சொல்லேன்!

முருகா, ஒரு கோல் போடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றே ஒன்று. பெரிய கிளப் ஜெயிக்கட்டும், இவன் முழுசாக வீடு வந்து சேரட்டும். மழை, சேறு, பந்து ஓடவில்லை, தண்ணீரில் நின்றுவிடுகிறது. கோல் விழவில்லை. நடுவில் யாரோ இவன் கையை மிதித்துவிட்டதாகச் சொன்னார்கள். காலையில் அவன் மிதித்தது என் கண்முன்னால் வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான் என்றார்கள். நேரம் முடிந்தது. பெனால்டி என்றார்கள்.

கடைசிப் பெனால்டியை அடிக்க வந்தவன் பெரிய கிளப்பின் பெரிய ஆட்டக்காரன், எங்கள் சந்தில் பாதி வீட்டுச் சுவரில் அவன் படம் இருந்தது. அப்புறம் ரேடியோவில் ஒரே இரைச்சல். இரைச்சலுக்கு நடுவில் என் பிள்ளை பெயர். தடுத்துவிட்டான். ஜெயித்துவிட்டார்கள்.

கீழே தீதி ரேடியோவை அணைத்தாள். சந்தில் ஒரு சத்தமில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

7

என் வீட்டுக்காரர் ஆபீசில் கேள்விப்பட்டு, குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே ஓடிவந்தார். வந்தவுடன் ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். வாசலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் பெயர் எழுதிய போர்டைக் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தார். சந்து முழுக்க எங்களைத் தெரியும், போர்டைக் கழற்றி யாரை ஏமாற்றப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் கழற்றும்போது விளக்குப் பிடித்தவளே நான்தான்.

"நீதான் உடைச்சன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. தெரியாதுன்னு நெனைக்கேன்."

"பிள்ளை எங்களா?"

பிள்ளை வரவில்லை. மேட்டடோர் வந்துவிட்டது. எப்போதும் கூச்சலோடு வருகிற வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி முச்சந்தியில் நிற்பது ஜன்னல் இடுக்கு வழியாகத் தெரிந்தது. கம்பத்துக் கொடியின் சிவந்த நுனியை ஒருவன் கையில் எடுத்துப் பார்த்தான். மற்றவர்கள் நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தார்கள். மைதானத்தில் கல்வீச்சு என்று கீழே ஒருவன் சொன்னது கேட்டது. நான் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வாயில் ஒரு சுலோகமும் வரவில்லை. என் பிள்ளை, என் பிள்ளை என்று அது மட்டும்தான் வந்தது.

கதவை யாரோ இடித்தார்கள்.

"பௌதி! கதவைத் திறங்க!"

பொல்டுவின் குரல். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். மறுபடியும் இடி. "பௌதி!" திறக்காவிட்டால் உடைத்துவிடுவான் போலிருந்தது. திறந்தேன்.

பொல்டு சொட்டச் சொட்ட நின்றான். அவன் பக்கத்தில் தலையிலிருந்து இடுப்புவரை பெரிய கிளப்பின் கொடியால் போர்த்திக்கொண்டு ஒருவன். கொடியை விலக்கினால் சங்கரன். வலது கை வீங்கி, சுண்டுவிரலோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

"மைதானத்துக் கேட்டுல கல்லை எறியறானுங்க. இவனை எங்க கொடிக்குள்ள சுருட்டி ஸ்கூட்டர்ல தூக்கிட்டு வந்துட்டேன். எங்க ஆளுன்னு நினைச்சு விட்டுட்டானுங்க" என்றான் பொல்டு. அப்புறம் சுவரைப் பார்த்தான். "போர்டு எங்கே?"

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் ஷெஃபாலி தீதி படியேறி வந்து பொல்டுவின் பின்னால் நின்றாள்.

"காலையில நீங்க என் பேரைச் சொல்லிட்டே போய் அதை உடைச்சீங்களாமே, தீதி பேரையும் சொன்னீங்களாம். தீதிதான் சொன்னா" என்றான் பொல்டு. குரல் தணிந்திருந்தது, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "என்ன சொன்னீங்க பௌதி?"

இத்தனை வருஷம் பேசிய வங்காளி எங்கே போயிற்றோ, ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. தமிழில்தான் வந்தது. "உங்க யார் கண்ணும் என் பிள்ளை மேல பட்டுரக் கூடாதுன்னு சுத்திப் போட்டேன். பயந்து போட்டேன்."

சங்கரன் என்னைப் பார்த்தான். வேறு எதையாவது சொல்லி அவன் சமாளித்திருக்கலாம். அப்படியே வங்காளியில் சொன்னான்.

பொல்டுவின் முகம் சுருங்கிவிட்டது. "இவன் தவழ்ந்த நாள்லேருந்து உங்களை பௌதின்னு கூப்பிடறேன். என் கண்ணுக்கா பயந்தீங்க?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா" என்றேன். கீழே முச்சந்தியில் நின்றவர்கள் இருமுவதுகூடக் கேட்டது.

"நகரு" என்று பொல்டுவைத் தள்ளிவிட்டு தீதி உள்ளே வந்தாள். சங்கரனின் இடது கையைப் பிடித்தாள், சுண்டுவிரலைப் பல்லில் வைத்து மெல்லக் கடித்தாள், பக்கவாட்டில் திரும்பி த்தூ த்தூ என்றாள். "நஜர், அதான் கண்ணு படறது, எங்களுக்கும் உண்டும்மா. அதுக்கு இதுதான் நாங்க செய்யறது. இன்னிக்குக் காலையில உன் சிவப்பைப் பார்த்த பதட்டத்துல மறந்துபோச்சு."

"இன்னிக்கு மட்டும் மறந்துபோச்சுன்னா, மத்த நாளெல்லாம்?" என்றேன்.

சங்கரன்தான் பதில் சொன்னான். "ஜேட்டிமா ஒவ்வொரு மேட்சுக்கும் கடிச்சுத்தாம்மா அனுப்புவாங்க. பரீட்சைக்கும்தான். நான் சின்னப் பையனா இருந்ததிலேருந்து."

ஜேட்டிமா என்றால் பெரியம்மா. நான் மாடியில் இருந்தேன், இது கீழே வாசல்படியில் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. தீதியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பெயரை அந்தக் காலையில் ஏன் சொன்னேன் என்று சொல்ல நினைத்தேன்.

பொல்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். போய்விடுவான், இனி இந்த மாடிப்படி ஏறமாட்டான் என்று நினைத்தேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். சங்கரனின் வீங்கிய வலது கையை, கட்டு அவிழாமல், கீழேயிருந்து தாங்கித் தீதியின் முன்னால் நீட்டினான்.

"இதையும் கடி, தீதி. பௌதி பயந்தது சரிதான். கடைசிப் பந்தை இவன் தடுத்தப்போ எங்க கிளப் தோத்ததே எனக்கு உறைக்கலை. இவனையே பாத்துட்டு நின்னேன். என் கண்ணு கட்டாயம் பட்டிருக்கும்."